காசியில் கங்கை: மாலை ஆரத்தியா, விடியற்காலை நீராடலா?

கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் காலையைத்தான் சொல்வேன்.

தசாசுவமேத கட்டம் என்னும் படித்துறையில் நடக்கும் மாலை ஆரத்தி குறைந்ததில்லை. அடுக்கு விளக்கை ஒரே தாளத்தில் சுழற்றும் அர்ச்சகர்கள், சங்கொலி, சாம்பிராணிப் புகை என்று கண் நிறைந்துவிடும். ஆனால் படியில் இடம் பிடிக்க வெகுநேரம் முன்பே போக வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் படகில் அமர்ந்து பார்ப்பது நல்லது.

விடியற்காலைக்குக் கேதார் கட்டம். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகளோ கிழக்கு பார்த்தவை. எதிர்க்கரை மணல்வெளியில் எழும் சூரியன் நேரே முகத்தில் விழும். சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில், அருகே குமரகுருபரர் நிறுவிய மடம். ஈரப்புடவையோடு படியேறும் பாட்டியிடமிருந்து "பாத்து வாம்மா, வழுக்கும்" என்று தமிழே காதில் விழலாம். அவர் சொல்வது சரி, அடிப்படிகளில் பாசி உண்டு. தெற்கே கொஞ்சம் நடந்தால் பாரதி இளமையில் வாழ்ந்த அனுமான் கட்டம்.

மழைக்கால வெள்ளத்தில் இரண்டுமே கடினம். படிகள் மூழ்கும், படகுகள் நிற்கும், ஆரத்தி மொட்டைமாடிக்கு மாறிவிடும். ஐப்பசிக்குப் பிறகு போங்கள்.