எழுதியவர்களுக்காக ஒரு சனிக்கிழமை மாலை

சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் ஒரு சிறிய அரங்கில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதிய மூத்த யூத எழுத்தாளர்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் 38 வெள்ளி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து சமூக மன்ற மேடைகளுக்குச் சிரிப்பு நாடகங்கள் எழுதியவர் அவர்.

விளக்கு அணைந்ததும் திரையில் முதலில் வந்தவை எழுதியவர்களின் பெயர்கள்: மெல் டோல்கின், லூசில் கேலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன். அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும் என்று பட்டது எனக்கு. 1950 முதல் 1954 வரை சனிக்கிழமை இரவுகளில் ஒன்றரை மணி நேரம் நேரலையாக ஓடிய 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இவர்கள் கைவண்ணம். ஒரு வாரம் முடிந்தால் அடுத்த வாரத்துக்கு மறுபடியும் வெற்றுத் தாள். ஒரே அறையில் எல்லோரும் கத்திக் கத்தித்தான் எழுதினார்களாம். அத்தனை ஆண்களின் சத்தத்துக்கு நடுவே தன் பேச்சு காதில் விழ வேண்டும் என்பதற்காக லூசில் கேலன் மேசை மேல் ஏறிச் சிவப்பு ஸ்வெட்டரை ஆட்டியதைச் சொன்னபோது, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நாயகன் நகைச்சுவை நடிகர் சிட் சீசர். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் பேசுவதுபோலவே பேசுவார். அதில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இருக்காது. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் அவருடைய அப்பா நடத்திய சாப்பாட்டுக்கடையில், பல நாட்டு ஆட்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு வந்த வித்தை அது. ஹொக்கியனும் மலாயும் தமிழும் ஒரே கோப்பிக்கடையில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காது எப்படி வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அரங்கமே குலுங்கியது.

இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் தொய்வு. உள்ளூர் நடிகர்கள் வாசித்த காட்சிகளில் அவசரம் தெரிந்தது. ஒரு வரிக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். பழைய காட்சித்துண்டுகளில் ஒலியும் மங்கல். வயதானவர்கள் வரும் நிகழ்ச்சி, திரையில் எழுத்து வரிகள் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் கடைசிப் பகுதி எல்லாவற்றையும் ஈடுகட்டியது. சீசரோடு அதே நிகழ்ச்சியில் நடித்த கார்ல் ரைனர் கேள்வி கேட்க, மெல் புரூக்ஸ் இரண்டாயிரம் வயதுக் கிழவராகப் பதில் சொல்லும் ஒலிப்பதிவு. கையில் தாள் எதுவும் இல்லை. எல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்த பதில்கள். பல வருடம் நண்பர்கள் வீட்டு விருந்துகளில் மட்டுமே செய்துகாட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. யூதத் தாத்தாக்களின் உச்சரிப்பை வெளியாட்கள் கேலியாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். 1960-இல்தான் பதிவு செய்தார்கள். நாற்பத்திரண்டாயிரம் பிள்ளைகள் இருந்தும் ஒருத்தரும் வந்து பார்ப்பதில்லை என்று கிழவர் குறைப்பட்டபோது, எனக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பாட்டி, "அப்படிச் சொல்லு!" என்றார்.

மறுபடி நடத்தினால் கட்டாயம் போங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்சாதனம் கடுமை.

வெளியே வந்ததும் வாட்டர்லூ ஸ்ட்ரீட் வழியாக நடந்தோம். 1878-இல் கட்டிய யூதக் கோயிலைத் தாண்டி, கிருஷ்ணன் கோயில் பக்கம் வந்தபோது அப்பா கோப்பி குடிக்கலாம் என்றார். கோப்பி ஓ ஆறும் வரை, நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் நான்கு பெயர்களை எழுதினார். "இவங்கதாம்மா என்கூட எழுதினவங்க. அப்ப மேடையில யாரும் பேர் சொல்லல."