பழைய எஃப்.ஜே.1200-க்கு எந்த ஹெட்டர்: கம்பெனிக் குழாயா, நான்குக்கு ஒன்றா, நான்கு-இரண்டு-ஒன்றா?

யமஹா 1984இல் எஃப்.ஜே.1100 வண்டியையும், 1986இல் அதன் கொள்ளளவை 1188 சி.சி.யாக உயர்த்தி எஃப்.ஜே.1200 வண்டியையும் வெளியிட்டது. ஐரோப்பாவில் 1996 வரை விற்பனையில் இருந்த இந்த வண்டி, வேகமும் நெடும்பயணமும் ஒன்றாகக் கைகூடும் வகைக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் உதாரணங்களில் ஒன்று. காற்றால் குளிரும் அதன் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு எஞ்சின், எண்ணெயை ஒழுங்காக மாற்றிவந்தால் லேசில் சோர்ந்துபோவதில்லை. முப்பது வயதைக் கடந்த வண்டியில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய்தான். ஆகவே இன்று எஃப்.ஜே. வைத்திருப்பவர் ஹெட்டர், அதாவது சிலிண்டர்களிலிருந்து எரிந்த வாயுவை வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் முன்பகுதிக் குழாய்கள், மாற்றுவதைப் பற்றி யோசிப்பது பந்தய ஆசையால் என்பதைவிட, துருவின் கட்டாயத்தால் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அந்தக் கட்டாயம் வரும்போது எதிரே நிற்கும் வழிகள் மூன்று: வண்டியோடு வந்த கம்பெனிக் குழாயையே சரிசெய்து ஓட்டுவது, நான்கு குழாய்களும் ஓரிடத்தில் சேரும் ஹெட்டரைப் போடுவது, அல்லது நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் ஹெட்டரைப் போடுவது.

கம்பெனிக் குழாயின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவற்றின் மதிப்பு புரியும். வெளியிலிருந்து பார்த்தால் தடிமனாகத் தெரியும் அந்தக் குழாயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு சிறிய குழாய் ஓடுவது தெரியும். இரண்டுக்கும் இடையே விரல்நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். பழைய வண்டியில் அந்த இடைவெளியில் ஈரமும் சாலை உப்பும் புகுந்து, துரு ஏடு ஏடாக உரிந்து நிற்கும். வெளிப்பூச்சு சூட்டில் நிறம் மாறாமல் இருக்கவும், உலோகத்தின் இரைச்சல் அடங்கவும் இப்படி இரட்டைச் சுவராகச் செய்தார்கள். அதன் விலை இரண்டு வகையில் கொடுக்கப்பட்டது: எடை கூடியது, வாயு உண்மையில் செல்லும் வழி, பார்ப்பதற்குத் தோன்றுவதைவிடக் குறுகியது. எஞ்சினுக்கு அடியில் இரு பக்கக் குழாய்களையும் இணைக்கும் பெட்டிதான் இந்த அமைப்பின் பலவீனமான இடம். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் அதன் மேல்தான் படிகின்றன. உள்ளே நீராவி குளிர்ந்து தேங்குவதும் அங்கேதான். வெளியே சிறு ஓட்டையாகத் தெரிவதை வெல்டிங் வைத்து அடைக்கப் போனால், வெல்டிங்கைப் பிடிக்க அங்கே உலோகமே மிஞ்சியிருக்காது.

ஆனாலும் கம்பெனிக் குழாயை இழித்துப் பேச நான் தயாரில்லை. அந்த எஞ்சினின் கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர், காற்று வடிகட்டிப் பெட்டி எல்லாம் இந்தக் குழாயோடு சேர்த்தே ஒத்திசைக்கப்பட்டவை. எஃப்.ஜே.யின் பெயரே நடுச்சுற்றுகளில், அதாவது எஞ்சின் மிதமான வேகத்தில் சுழலும்போது, அது தரும் இழுவையால் வந்தது. அந்த இழுவையில் இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. பெட்டி இற்றுப்போகாத நல்ல கம்பெனிக் குழாய் கையில் இருந்தால் அதைக் கழற்றுவதற்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட குழாய் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகிறது. பழையதாக வாங்கும் குழாயின் உட்சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இனி ஹெட்டர் செய்யும் வேலைக்கு வருவோம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய்கள் சேரும் இடத்தில் பாதை திடீரென விரிவதால், அங்கிருந்து எதிர்மறையான ஓர் உறிஞ்சு அலை வால்வை நோக்கித் திரும்புகிறது. உள்வரும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் குறுகிய நேரத்தில் அந்த உறிஞ்சு அலை வந்து சேர்ந்தால், எரிந்த வாயு முழுதும் இழுபட்டு வெளியேறி, புதிய கலவை கூடுதலாக உள்ளே வரும். சூடான எக்ஸாஸ்ட் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். முக்கால் மீட்டர் நீளமுள்ள குழாயில் அலை போய்த் திரும்ப ஒன்றரை மீட்டர். அதற்கு ஆகும் நேரம் இரண்டரை மில்லிநொடி. நிமிடத்துக்கு 4000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 60 பாகை திரும்புகிறது. 8000 சுற்றில் 120 பாகை திரும்பிவிடுகிறது. அலை எடுக்கும் நேரம் ஏறக்குறைய மாறாமல் இருக்க, எஞ்சினின் நேரம் மட்டும் சுருங்குகிறது. எந்த நீளத்தைத் தேர்ந்தாலும் அது ஒரு சில சுற்றுவேகங்களுக்கே உதவும். வேறு சில வேகங்களில் அதே அலை தவறான நேரத்தில் வந்து கெடுக்கும். எல்லாச் சுற்றிலும் சக்தி கூடும் என்று விளம்பரம் செய்யப்படும் ஹெட்டரை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

நான்குக்கு ஒன்று என்ற வடிவம் பந்தயத்தில் பிறந்தது. ஜப்பானைச் சேர்ந்த 'பாப்ஸ்' யோஷிமுரா 1970களின் தொடக்கத்தில் ஹோண்டா சிபி750 பந்தய வண்டிகளில் இதைப் பொருத்தி அமெரிக்காவில் பெயர்பெற்றார். எஃப்.ஜே. வெளிவந்த காலத்தில் கெர்க்கர், வான்ஸ் அண்ட் ஹைன்ஸ் என்ற எக்ஸாஸ்ட் நிறுவனங்கள் இதற்கு நான்குக்கு ஒன்று ஹெட்டர்களை விற்றன. இன்று பழைய பொருள் சந்தையில் கைக்கு வருபவற்றில் பல அவையே. ஒரு சைலன்சரும் இணைப்புப் பெட்டியும் போய்விடுவதால் எடை கண்கூடாகக் குறைகிறது, அதுவும் வண்டியின் கீழ்ப்புறத்தில். மேல்சுற்றுகளில் எஞ்சின் தடையின்றி மூச்சுவிடுகிறது. ஒரு பக்கம் திறந்திருப்பதால் பின்சக்கரத்தைக் கழற்றுவதும் செயினைச் சுத்தம் செய்வதும் எளிதாகின்றன. மறுபுறம், நான்கு சிலிண்டரின் அலைகளும் ஒரே இடத்தில் மோதுவதால் உதவும் வேகத்தில் நன்றாக உதவி, உதவாத வேகத்தில் அதே அளவுக்குக் கெடுக்கின்றன. சுற்றுவேகத்துக்கேற்ப சக்தி ஏறி இறங்குவதைக் காட்டும் சக்திக் கோட்டில் பொதுவாக நடுச்சுற்றில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எங்கே விழுகிறது என்பதே நெடும்பயணம் போகிறவருக்கு முக்கியம்.

ஏனெனில் எஃப்.ஜே.யின் ஐந்தாவது கியரில், நெடுஞ்சாலையின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 4000 சுற்றை ஒட்டியே அமைகிறது. இரண்டு பேரும் பக்கப் பெட்டிகளுமாக ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தும்போது கியரைக் குறைக்காமல் கைப்பிடியைத் திருகினால் போதும் என்பதுதான் இந்த வண்டியின் சுகம். பள்ளம் அதே இடத்தில் விழுந்தால் 9000 சுற்றில் கிடைக்கும் கூடுதல் குதிரைத்திறன் யாருக்கும் பயன்படாது. பந்தயத் தடத்தில் எப்போதும் மேல்சுற்றில் வைத்திருப்பவருக்கு அது பொருட்டல்ல. பெட்டி கட்டிக்கொண்டு நாள்முழுதும் ஓட்டுபவருக்கு அதுவே எல்லாம்.

நான்கு-இரண்டு-ஒன்று அமைப்பு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. எஞ்சினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் முறை, 1-2-4-3. முதல் சிலிண்டரையும் நான்காவதையும் ஒரு ஜோடியாகவும், இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகவும் சேர்த்தால், ஒவ்வொரு ஜோடியிலும் எரிதலுக்கு இடையே சரியாக 360 பாகை இடைவெளி கிடைக்கும். ஒரு சிலிண்டரின் அழுத்த அலை மற்றதன் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் போய் முட்டுவது இதனால் தவிர்க்கப்படுகிறது. அதோடு, முதல் சந்திப்பிலிருந்து ஓர் உறிஞ்சு அலையும், இரண்டாவது சந்திப்பிலிருந்து சற்றுத் தாமதமாக வலுக்குறைந்த இன்னோர் அலையும் திரும்புவதால், பலன் ஒரே வேகத்தில் குவியாமல் பரவி விழுகிறது. உச்ச சக்தி நல்ல நான்குக்கு ஒன்றைவிடச் சற்றுக் குறையலாம். நடுவில் பள்ளம் ஆழமாக விழாது. வாங்குமுன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்வதற்கு எளிது என்பதால் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை, அதாவது 1-2, 3-4 என்று, சேர்த்து விற்கப்படுபவையும் உண்டு. அவற்றில் எரிதல் இடைவெளி 180, 540 என்று ஏறுமாறாக இருக்கும். மேலே சொன்ன நன்மை பெருமளவு போய்விடும். குழாய் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே கடந்து போகிறதா என்பதைப் படத்திலேயே கண்டுகொள்ளலாம்.

குழாயின் விட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விட்டம் கூடினால் வாயுவின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கீழ்ச்சுற்றில் இழுவை மந்தமாகும். எஞ்சினின் உட்பாகங்களை மாற்றாதவருக்கு, எக்ஸாஸ்ட் துளையைவிடச் சற்றே பெரிய குழாய் போதும்.

உலோகத்தில் தேர்வு எளிது. சாதாரண இரும்புக் குழாய் மலிவு, பூச்சுப் போனால் துருப்பிடிக்கும். செராமிக் பூச்சுக் கொடுத்தால் நெடுநாள் வரும். அதன் மேல் சூட்டுத் துணி சுற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துணி ஈரத்தைப் பிடித்துவைத்து, எந்தத் துருவிலிருந்து தப்ப நினைத்தோமோ அதையே வேகமாகக் கொண்டுவரும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொன்னிறமும் நீலமுமாக மாறினாலும் இற்றுப்போகாது. ஆனால் சூட்டில் அது சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெல்டிங் செய்ததைவிட, குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்டவை வெடிப்பு விடாமல் நிலைக்கும். ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்புறம் கம்பெனிக் குழாயைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். மழைக்கால்சட்டை அதில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பொருத்தும் வேலையில்தான் பலரும் மனம் தளர்கிறார்கள். சிலிண்டர் தலையில் குழாயைப் பிடித்துவைக்கும் ஸ்டட்கள் (தலையில்லாத மரையாணிகள்) முப்பது ஆண்டுச் சூட்டில் நட்டோடு ஒன்றாகிக் கிடக்கும். ஸ்பேனரில் முதலில் ஒரு இறுக்கம் தெரியும். பிறகு திடீரென்று மெத்தென்று இளகும். அந்த மென்மை நட்டு கழல்வதால் அல்ல, ஸ்டட் முறுக்கிக்கொண்டு அறுவதால். அதை உணர்ந்த கணமே நிறுத்திவிட வேண்டும். பல நாள் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெய் விட்டு, கழற்றுமுன் எஞ்சினைச் சூடாக்கி, நட்டை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைப்பதே பாதுகாப்பு. அறுந்துவிட்டால், மிஞ்சிய முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகி எடுப்பது, துளைபோட்டு எடுப்பதைவிடப் பெரும்பாலும் நல்லது. அந்தச் சூடே பிடிப்பைத் தளர்த்திவிடும். இந்த வேலையின் செலவு மூன்று வழிக்கும் பொது, கம்பெனிக் குழாயைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினாலும் இதிலிருந்து விடுதலை இல்லை.

எஃப்.ஜே.க்கே உரிய இன்னொரு சங்கதி எண்ணெய் வடிகட்டி. அது எஞ்சினின் முன்புறத்தில், ஹெட்டர் குழாய்களுக்குப் பின்னால் இருக்கிறது. சில ஹெட்டர்கள் அதை எடுக்க முடியாதபடி நெருங்கி ஓடுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் ஹெட்டரைக் கழற்ற நேரும். நடு ஸ்டாண்டு மடங்கும்போது எதில் முட்டி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது பழைய சைலன்சரில் முட்டி நின்றிருந்தால், அதை எடுத்தபின் செயினை உரசாதபடி வேறொரு தடுப்பு செய்தாக வேண்டும். நெடும்பயண வண்டியில் நடு ஸ்டாண்டைக் கழற்றி எறியச் சொல்லும் எந்த ஹெட்டரையும் நான் ஏற்பதில்லை.

ஹெட்டர் மாற்றியபின் கார்புரேட்டரைத் தொடாமல் விடுவது பாதி வேலை. இந்த வண்டியின் மிக்குனி நிறுவனக் கார்புரேட்டர்களில், எரிபொருளை அளந்துவிடும் ஊசியின் அடியில் மெல்லிய வாஷர் வைத்து உயர்த்துவது நடுச்சுற்றையும், எரிபொருள் துளையான மெயின் ஜெட்டை மாற்றுவது மேல்சுற்றையும் சரிசெய்யும். புதிய ஹெட்டரில் ஆக்சிஜன் சென்சாருக்கான ஒரு மரைத்துளையை முன்கூட்டியே வெல்டிங் செய்துவைத்தால், கலவையை ஊகிக்காமல் அளந்து திருத்தலாம். வேகத்தைத் தளர்த்தும்போது பின்னால் பட்பட்டென்று வெடித்தால் உடனே ஜெட்டை மாற்றக் கூடாது. முதலில் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1986 மாடல் முதல் சாலை வண்டிகளுக்கு உச்சவரம்பு 80 டெசிபல். பிரிட்டனில், சாலைப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்று பொறித்த சைலன்சர் ஆண்டுச் சோதனையில் தேறாது. ஜெர்மனியில் அனுமதிச் சான்று இல்லாத குழாயைத் தனியே பரிசோதித்துப் பதிய வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், ஒரே வேகத்தில் பல மணிநேரம் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் ஆழ்ந்த முழக்கம் கேட்க இனிமையாகத் தொடங்கி உடலைக் களைப்பாக்கிவிடும். நான்குக்கு ஒன்றில், அதுவும் சத்தத்தை அடக்கும் உட்பஞ்சு தேய்ந்த பழைய சைலன்சரோடு, இது மிக அதிகம்.

என் தேர்வு இது: கம்பெனிக் குழாய் உறுதியாக இருந்தால் அதுவே தங்கட்டும். இற்றுப்போயிருந்தால், 1-4, 2-3 என்று சேரும், எண்ணெய் வடிகட்டிக்கு வழிவிடும், மிதமான விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் நான்கு-இரண்டு-ஒன்று ஹெட்டரை, சத்தம் அடங்கிய நீண்ட சைலன்சரோடு போடலாம். எடையைக் குறைப்பதே முதல் நோக்கமாக, தனியாளாக மலைச்சாலைகளில் ஓட்டுபவர் மட்டும் நான்குக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். எதைப் போட்டாலும் புதிய கேஸ்கெட்டுகளோடு, முதலில் நட்டுகளைக் கையால் திருகும் அளவுக்கே இறுக்கி, சைலன்சர் பிடிமானம் இழுவையின்றி உட்கார்ந்தபின் சிலிண்டர் தலைப்பக்கத்திலிருந்து முறையாக இறுக்கி வர வேண்டும். ஒருமுறை நன்றாகச் சூடாகிக் குளிர்ந்தபின் அதே நட்டுகளை மறுபடி சோதித்துவிட்டு, பக்கப் பெட்டிகளை மாட்டலாம்.