8 கிலோமீட்டருக்கு எது சரி: எலெக்ட்ரிக் சைக்கிளா, எலெக்ட்ரிக் ஸ்கூட்டரா?

கிண்டியில் வீடு, தரமணியில் வேலை. வேளச்சேரி வழியாகப் போனால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்தைச் சாதாரண சைக்கிளில் மிதித்துப் பார்த்துவிட்டேன். மார்கழியில் சுகம்தான். சித்திரையில் அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஆகவே போட்டி எலெக்ட்ரிக் சைக்கிளுக்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இடையில்தான்.

விலையில் சைக்கிள் எளிதாக ஜெயிக்கிறது. சுமார் 30,000 ரூபாயில் ஓரளவு நல்லதே கிடைக்கும். ஸ்கூட்டர் என்றால் ஒரு லட்சத்தை எடுத்து வைக்க வேண்டும். பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் எல்லாம் தனி. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் சைக்கிளுக்கு இவை எதுவும் தேவையில்லை. சில கடைக்காரர்கள் அந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வரம்பு தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை.

ஆனால் என்னைச் சைக்கிள் பக்கம் சாய்த்தது விலையல்ல, பேட்டரி. நான் இருப்பது மூன்றாவது மாடி. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட வசதி இல்லை, சங்கத்தில் கேட்டும் நடக்கவில்லை. ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரி வண்டியோடு சேர்ந்தது. கழற்ற முடிந்தாலும் தூக்கி மாடி ஏறுவது சிரமம். சைக்கிள் பேட்டரி இரண்டு கிலோ சொச்சம்தான். சாவி போட்டு உருவி, பையில் வைத்து மேலே கொண்டுபோய் விடுகிறேன். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நிறைய மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. வெயிலில் வந்தவுடன் மட்டும் சார்ஜரில் மாட்டுவதில்லை, சூடு ஆறட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மிதிக்காமல், கைப்பிடியில் இருக்கும் திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முறுக்கிக்கொண்டே போனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பெடல் அசிஸ்டில் கால் மிதிக்க மிதிக்க மோட்டார் கைகொடுக்கிறது. போய்வர 16 கிலோமீட்டருக்கும் ஒரு சார்ஜ் தாராளமாகப் போதும். விலை குறைந்த சைக்கிள்களில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே சென்சார் பார்க்கும், அதனால் அரைச்சுற்று கழித்துத்தான் மோட்டார் விழிக்கும். சிக்னலில் கிளம்பும்போது இது தெரியும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் வைத்தது விலை கூடுதல், ஆனால் மேம்பாலம் ஏறும்போது அந்தப் பணத்தின் அருமை புரியும்.

பஞ்சர்தான் தலைவலி. பின்சக்கரத்தின் நடுவே மோட்டார், அதிலிருந்து ஒரு வயர். வேளச்சேரியில் ஒரு பஞ்சர் கடைக்காரர் முதலில் கைவைக்கவே தயங்கினார். பிறகு சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கமாக நெம்பி, டியூபை வெளியே இழுத்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். டியூபையே மாற்ற வேண்டியிருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் டியூப்லெஸ் டயர் என்பதால் இந்தக் கவலை குறைவு.

மழையில் இரண்டுமே தேறவில்லை. 26 அங்குலச் சக்கரத்தில் மோட்டார் இருப்பது தரையிலிருந்து ஓரடி உயரத்தில். ஐப்பசி மழையில் வேளச்சேரித் தெருக்களில் தண்ணீர் அந்த அளவுக்கு நிற்பதுண்டு. அன்றைக்கு நான் பஸ்ஸில் போகிறேன்.

தினமும் 25 கிலோமீட்டர், பின்னால் ஒரு குழந்தை, வீட்டு வாசலில் பிளக் பாயின்ட் என்று இருப்பவர்கள் ஸ்கூட்டரையே வாங்குங்கள். என்னைப்போல் மாடி வீடும் பத்துக் கிலோமீட்டருக்குள் வேலையும் என்றால் சைக்கிள் கடைக்குப் போய், முதலில் பேட்டரியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுப் பேட்டரி என்ன விலை என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.