அக்டோபர் தோட்டம்: கூட்டித் துப்புரவாக்குவதா, அப்படியே விட்டுவைப்பதா?

பிரிட்டனில் செப்டம்பர் கடைசியில் இலைகள் பழுக்கத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டக்காரர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். முதற்கட்சிக்கு இலையுதிர் காலம் என்பது ஆண்டுக் கணக்கை முடிக்கும் காலம்: காய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டி, உதிர்ந்த இலைகளை வாரி, உயிர்வேலியைக் கத்தரித்து, அனைத்தையும் கவுன்சிலின் தோட்டக்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டால் மார்ச் வரை அவர்களுக்குக் கவலையில்லை. இரண்டாம் கட்சி வாருகோலையும் கத்தரியையும் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு, காய்ந்தது நின்றபடியே நிற்கட்டும், விழுந்தது விழுந்தபடியே கிடக்கட்டும் என்கிறது. எந்தத் தோட்டம் பார்வைக்கு அழகு என்பது அவரவர் ரசனை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். இந்த இலையுதிர் மாதங்களில் தோட்டத்தில் வேலை செய்பவர் எதிர்கொள்ளும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இம்முறைகள் எதைக் கொடுக்கின்றன, எதைப் பறிக்கின்றன என்பதே இந்த அலசலின் அளவுகோல். அந்த அளவுகோலில் பெரும்பாலும் இரண்டாம் கட்சியே வெல்கிறது என்பது என் முடிவு. ஆனால் அது தோற்கும் இடங்களில் முழுமையாகவே தோற்கிறது, அந்த இடங்களைப் பற்றி அக்கட்சியினர் அதிகம் பேசுவதும் இல்லை.

முதற்கட்சியின் வலுவான வாதத்திலிருந்து தொடங்குவதே நியாயம். மண்ணைக் கிளறும் ஒருவரைத் தேடி ராபின் வருவதைப் போன்ற நெருக்கமான சந்திப்பு பிரிட்டிஷ் தோட்டத்தில் வேறில்லை. மண்வாரியை ஊன்றிவிட்டுத் திரும்புவதற்குள் அதன் கைப்பிடியில் வந்து அமர்ந்துவிடும் பறவை அது. ஐரோப்பியப் பெருநிலத்தின் காடுகளில் காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிண்டிக்கொண்டு போகும்போது, வெளிப்படும் புழுக்களுக்காக ராபின் அவற்றின் பின்னாலேயே செல்லும். பன்றி இல்லாத தோட்டத்தில் அந்த வேலையை மனிதர் செய்கிறார், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு, இரண்டுமே பாடி அவற்றைக் காக்கும் என்பதால், நாள்தோறும் நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் அதே ஒரு பறவைதான். ஆகவே பாத்தியைத் தோண்டித் துப்புரவாக்குபவருக்கு ராபினின் பழக்கம் கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ராபினுக்குக் கிடைப்பதோ அந்த ஓரிரு மணி நேரத்துப் புழுக்கள் மட்டுமே. ஜனவரியில் வெற்று மண் உறைந்து இறுகிவிட்டபின் அந்தப் பாத்தியில் அதற்கு எதுவும் இல்லை. இலை மூடிய மண் அவ்வளவு எளிதில் உறைவதில்லை. பிளாக்பேர்ட் இலைகளைப் புரட்டித் தள்ளிக்கொண்டே அதில் இரை தேடும், ரென் என்னும் சிறு குருவி சிலந்திகளுக்காகப் புதரடியில் நுழைந்து நுழைந்து வெளிவரும். தோண்டுபவர் ஒரு பறவையை மிக அருகில் காண்கிறார். விட்டுவைப்பவர் பல பறவைகளைச் சற்றுத் தள்ளி நின்று காண்கிறார்.

முள்ளெலி விஷயத்தில்தான் இந்த ஒப்பீட்டின் முழு எடையும் தெரிகிறது. (தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் வாழும் முள்ளெலி வேறு இனம், இங்கே பேசப்படுவது ஐரோப்பிய முள்ளெலி.) 2020-இல் வெளியான பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியல் இதை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது. ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரை அது குளிர்கால உறக்கத்தில் கிடக்கும். அப்போது நிமிடத்திற்குச் சுமார் 190 முறை துடிக்கும் இதயம் 20 அளவுக்கு இறங்கிவிடும். அந்த உறக்கத்திற்கான கூட்டை அது அகன்ற இலைகளை வாயால் கவ்விக் கொண்டுவந்து, அடுக்கடுக்காக அழுத்திக் கட்டுகிறது. புதரடியிலோ விறகுக் குவியலுக்கு அடியிலோ கொட்டகையின் கீழோ கட்டப்படும் அந்தக் கூட்டுக்கு உதிர்ந்த இலைதான் கட்டுமானப் பொருள். அக்டோபரில் தோட்டத்து இலை முழுவதையும் வாரி அனுப்பிவிடுபவர், அந்த விலங்கு வீடு கட்டவிருக்கும் வாரத்தில் செங்கலை அப்புறப்படுத்துகிறார்.

துப்புரவுப் பணியின் கருவிகளும் இவ்விலங்குக்கு ஆபத்தானவை. ஆபத்தைக் கண்டால் ஓடுவது முள்ளெலியின் இயல்பன்று. சுருண்டு அசையாமல் இருப்பதே அதன் தற்காப்பு. நரிக்கு எதிராக ஓரளவு பயன்படும் இந்த உத்தி, நைலான் இழை சுழலும் புல்வெட்டும் இயந்திரத்திற்கு முன் பயனற்றுப் போகிறது. நீண்ட புல்லையும் வேலியடியையும் வெட்டுவதற்கு முன் கையால் விலக்கிப் பார்க்க வேண்டும் என்று முள்ளெலிப் பாதுகாப்பு அமைப்புகள் ஆண்டுதோறும் கெஞ்சுவது இதனால்தான். அடுத்தது தீ. வெட்டிய கிளைகளை ஒரு மூலையில் சேர்த்துவைத்து, நவம்பர் 5-ஆம் நாள் கொளுத்துவது இங்குள்ள பழைய வழக்கம். வாரக்கணக்கில் சேரும் அந்தக் குவியல் முள்ளெலிக்கும் தேரைக்கும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த குளிர்கால இருப்பிடமாகத் தோன்றுகிறது. எரித்தே தீரவேண்டும் என்பவர் குவியலை எரிக்கும் நாளன்று வேறிடத்திற்கு மாற்றி அடுக்கியபின் கொளுத்துவதே உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் வழி. எரிக்காமல் அப்படியே மக்க விடுவது அதைவிட எளிது, உழைப்பும் குறைவு என்பதால் இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அதே சமயம், விட்டுவைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் சரியல்ல. முள்ளெலி ஒரே இரவில் பல தோட்டங்களைச் சுற்றி இரை தேடும் விலங்கு. நான்கு பக்கமும் பலகை வேலி அடைத்திருக்கும் தோட்டத்தில் எத்தனை இலைக் குவியல் இருந்தாலும் அது உள்ளே வர வழியில்லை. வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு துளை போதும். செப்டம்பரில் பிறந்த குட்டிகள் உறங்கும் பருவத்திற்குள் போதிய எடை சேர்க்காமல் தவிப்பதும் உண்டு. 450 கிராமுக்கும் குறைவான குட்டி நவம்பரில் தென்பட்டாலோ, எந்த வயதுடையதாயினும் ஒன்று பட்டப்பகலில் தள்ளாடி நடந்தாலோ, மீட்பு மையத்தை அழைப்பதே சரி. வெளியே உணவு வைப்பதானால் இறைச்சி கலந்த பூனை உணவும் ஒரு தட்டில் தண்ணீரும் வைக்கலாம். பால் வைப்பது நம் வழக்கில் பரிவின் அடையாளம்; முள்ளெலிக்கோ அது செரிக்காது, வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

பறவைகளின் உணவுக்கு வந்தால் இரு கட்சிகளுக்கும் இடையில் மூன்றாவது ஒரு வழி நுழைந்துவிடுகிறது. தோட்டத்தை மொட்டையாக வெட்டிவிட்டு, அந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக விதை நிரப்பிய ஃபீடரைத் தொங்கவிடுவது அது. காண்பதற்கு இதுவே மிகவும் பயன் தருவதாகத் தெரியும்: சமையலறைச் சன்னலுக்கு எதிரே நாள் முழுவதும் கூட்டம். ஆனால் பல பறவைகள் ஒரே இடத்தில் உமிழ்நீர் பட்ட விதையைக் கொத்துவதில்தான் சிக்கல் இருக்கிறது. டிரைக்கோமோனோசிஸ் என்னும் தொண்டை நோய் 2005-இல் பிரிட்டனின் ஃபின்ச் வகைப் பறவைகளில் தென்பட்டு, அடுத்த ஆண்டிலேயே கொள்ளைநோயாகப் பரவியது. நோயுற்ற பறவையால் விழுங்க முடியாமல் போய்விடும். தோட்டங்களில் சர்வசாதாரணமாகக் காணப்பட்ட கிரீன்ஃபின்ச் 2021-இல் பிரிட்டன் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குள் சென்றதற்கு முதன்மைக் காரணம் இந்நோயே. ஃபீடரை வாரம் ஒருமுறையேனும் கழுவி உலர்த்த வேண்டும், இடத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், இறகு சிலிர்த்துச் சோர்ந்த பறவை ஒன்றைக் கண்டால் சில வாரங்களுக்கு உணவு வைப்பதையே நிறுத்த வேண்டும். இவ்வளவையும் தவறாமல் செய்பவருக்கு ஃபீடர் நல்ல துணை. செய்ய முடியாதவர் அதைத் தொங்கவிடாமலிருப்பதே பறவைகளுக்குச் செய்யும் உதவி.

வெட்டாமல் விடப்பட்ட சூரியகாந்தித் தலையும் லாவெண்டர் கதிரும் எக்கினேசியாவின் கூம்பும் அதே விதையைச் சிதறலாக, ஓரிடத்தில் கூட்டம் சேராமல் கொடுக்கின்றன. கோல்ட்ஃபின்ச் அவற்றில் தொற்றிக்கொண்டு விதை உருவுவதை அக்டோபர் முழுவதும் காணலாம். உள்ளீடற்ற தண்டுகளுக்குள் பொறிவண்டுகள் குளிர்காலத்தைக் கழிக்கும். பிப்ரவரியில் அந்தத் தண்டுகளைச் சோதித்துப் பார்க்க டிட் குருவிகள் வரும். ஃபீடருக்குக் கழுவும் வேலை உண்டு, செலவும் உண்டு. நிற்கும் தண்டுக்கு இரண்டும் இல்லை. விதை தீர்ந்தபின் அதை மறுபடி நிரப்ப முடியாது என்பது மட்டுமே அதன் குறை. கடும் உறைபனிக் காலத்தில் அது பெரிய குறைதான்.

உயிர்வேலியைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பயன்பாட்டிலுள்ள பறவைக் கூட்டைச் சேதப்படுத்துவதை 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் குற்றமாக்கியிருப்பதால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியைத் தொடாமல் செப்டம்பரில் வெட்டுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. சட்டப்படி அதில் பிழையில்லை. ஆயினும் அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரெட்விங்கும் ஃபீல்ட்ஃபேரும் பறந்து வந்து இறங்குவது ஹாதோர்ன், ஹோலி, ரோவன் பழங்களை நம்பித்தான். செப்டம்பரில் கத்தரிப்பவர் அவை வருவதற்கு முன்பே பந்தியை எடுத்துவிடுகிறார். ஜனவரி, பிப்ரவரியில் வெட்டினால் பழமும் தீர்ந்திருக்கும், கூடும் கட்டியிருக்காது. ஆப்பிள் மரத்தடியில் விழுந்த பழங்களுக்கும் இதே நியாயம்தான், ஆனால் பழுப்பு அழுகல் நோய் கண்டு மரத்திலேயே சுருங்கித் தொங்கும் பழங்களை மட்டும் பறித்து அகற்றிவிட வேண்டும்.

இப்படி அகற்றியே தீரவேண்டியவை வேறு சிலவும் உண்டு. இரண்டாம் கட்சி தோற்பது இங்கேதான். கரும்புள்ளி நோய் தாக்கிய ரோஜா இலையையும் பொருக்கு நோய் கண்ட ஆப்பிள் இலையையும் தரையிலேயே விட்டால் அடுத்த ஆண்டின் நோய்க்கு அவையே விதை. புல்தரையில் கனமாகப் படிந்த இலை புல்லைக் கொன்றுவிடும். அதை வாரி வேலியடியில் தள்ளினால் முள்ளெலிக்கும் பயன், மக்கினால் மண்ணுக்கும் பயன். குளத்தில் விழும் இலை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கிறது. சில தவளைகள் குளத்தின் அடிச்சேற்றிலேயே குளிர்காலத்தைக் கழிப்பதால், மேலே பனிக்கட்டி மூடிய நாட்களில் அது அவற்றைக் கொன்றுவிடக்கூடும். குளத்திலிருந்து எடுக்கும் பாசியையும் இலையையும் உடனே தொட்டியில் போடாமல், உள்ளே சிக்கிய உயிர்கள் நீருக்குத் திரும்பும்படி கரையில் ஓரிரு நாள் வைப்பது நல்லது. பறவைப் பெட்டிகளையும் சும்மா விடக்கூடாது: பழைய கூட்டில் உண்ணிகள் தங்கியிருக்கும் என்பதால், அதை அகற்றிக் கொதிநீர் ஊற்றி உலர்த்துவது இந்தப் பருவத்து வேலை.

நரிக்கும் சாம்பல் அணிலுக்கும் எந்தத் தோட்டமும் ஒன்றுதான். எலும்புத்தூள் உரம் போட்ட பாத்தியை நரி புதையல் இருப்பதாக எண்ணித் தோண்டும். துலிப் கிழங்கை அணில் அகழ்ந்தெடுக்கும், நச்சுள்ள டாஃபடில் கிழங்கைத் தொடாது. இதில் இரு கட்சிக்கும் வெற்றியில்லை.

இரண்டு முறைகளையும் மூலைக்கு மூலை பிரித்துச் செய்ய எல்லோருக்கும் இடமிருக்காது. லண்டனின் வரிசை வீடுகளில் பின்தோட்டம் என்பது பல வேளைகளில் கல் பாவிய சிறு முற்றம்தான். வாடகைக்கு இருப்பவர்க்குத் தோட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கவேண்டும் என்ற ஒப்பந்த வரியும் கழுத்தில் தொங்கும். அவர்கள் ஒன்றை மட்டும் வெட்டாமல் விடலாம் என்றால், என் பரிந்துரை உறுதியான சுவரில் ஏறியிருக்கும் முதிர்ந்த ஐவிக் கொடி. தரையில் படரும் இளங்கொடி பூப்பதில்லை. உயர ஏறி வெளிச்சம் கண்ட கொடியே செப்டம்பர் முதல் நவம்பர் வரை பூக்கிறது, மற்றப் பூக்களெல்லாம் முடிந்துபோன நாட்களில் தேனீக்களுக்கும் ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சிக்கும் தேன் தருகிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் ஒட்டக் கத்தரிக்கப்படும் ஐவிக்கு அந்த முதிர்ச்சியே வாய்ப்பதில்லை. அதன் கருநிறப் பழங்கள் பழுப்பது குளிர்காலத்தின் பிற்பகுதியில், வேலியில் ஹாதோர்ன் பழம் ஒன்றுகூட மிஞ்சாத நேரத்தில். அப்போது பிளாக்பேர்டும் மரப்புறாவும் அதைத் தேடி வரும். மெல்லிய மரப்பலகை வேலியில் மட்டும் இதை வளரவிட வேண்டாம்: நவம்பர்ப் புயலில் கொடியின் பாரம் வேலியையே சாய்த்துவிடும், சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.