கோலாலம்பூர் முகமா, நம்மூர் முகமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒரு முழுநீளப் படம் எடுத்து முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். தொடங்கும்போது இரண்டு வழி இருந்தது. கோலாலம்பூரிலிருந்து தெரிந்த முகங்களை அழைத்து வந்து 18 நாளில் ஒரே மூச்சாக எடுப்பது ஒன்று. ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து, சனி ஞாயிறுகளில் மாதக்கணக்காக எடுப்பது மற்றது. நான் போனது இரண்டாவது வழியில். ஆகவே கீழே கொஞ்சம் ஓரவஞ்சனை தெரியும்.

ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்படக் கழகத்தின் உரிமம், படப்பிடிப்புச் சான்றிதழ், தோட்ட நிர்வாகியின் அனுமதி, கடைசியில் தணிக்கை, இவை இரண்டு வழிக்கும் ஒன்றுதான். விடுங்கள்.

பணத்தில் கோலாலம்பூர் முகத்துக்கே வெற்றி. காசு போடுகிறவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர், 1948 ஜூன் 16 அன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அந்தக் கதையா என்றார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறக்கக் காரணமான ஊர் அல்லவா! இல்லை, ஒரு பாட்டியும் பேரனும் என்றதும் மேசையில் டீ ஆறிவிடும். அடுத்த கேள்வி, “ஹீரோ யாரு?” 2016-இல் ‘ஜகாட்’ என்ற நம் தமிழ்ப் படம் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானதை எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள், பர்ஸ் திறக்கவில்லை. கடைசியில் ஒரு லோரிக்காரரும் ஒரு இரும்புக்கடைக்காரரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். பணம் தவணையில் வந்ததால் படமும் தவணையில்தான் நகர்ந்தது.

நடிப்பு? பழகிய நடிகர் வசனத்தை மறக்க மாட்டார், வெளிச்சம் எங்கே என்று அவருக்கே தெரியும். எங்கள் ஆட்கள் கேமராவைப் பார்த்துவிடுவார்கள். ஆனால் ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து மரத்தில் மாட்டும் கையை யாராலும் 18 நாளில் சொல்லிக்கொடுக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறு ஒன்று: மறுபடி எடுக்க முடியுமா என்பது. இதற்கு முன் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். எடிட்டிங்கில் இரண்டே இரண்டு ஷாட் குறைந்தது. நடிகர் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்துவிட்டார். தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. வேன், அறை, சாப்பாடு எல்லாம் மறுபடி. கடைசியில் அந்தக் காட்சியையே வெட்டினோம்.

இங்கே பாட்டியாக நடிப்பவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மோட்டாரில் போய், “ஆயா, அந்த வாசல் காட்சி மறுபடி வேணும்” என்றால், “சோத்த வடிச்சிட்டு வரேன் தம்பி” என்பார். அதே சேலை, அதே கொண்டை. பலமுறை இப்படிப் பிழைத்திருக்கிறோம்.

சரி, இதற்கு ஒரு விலை உண்டு. ஆட்கள் மாறவில்லை, மரம் மாறிவிட்டது! எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டதால், ஒரு சிறுதோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், தேடிப் பிடித்தோம். பிப்ரவரியில் தொடங்கினோம், மரம் இலை கொட்டும் நேரம். ஏப்ரலில் அதே காட்சியின் மீதியை எடுக்கப் போனால் தலைக்குமேல் பச்சைக் கூரை. பால் எடுக்கப் பட்டையில் சீவும் வெட்டுக் கோடும் மாதத்துக்கு ஓர் அங்குலம்போலக் கீழே இறங்கிவிடுகிறது. காட்சிக்குக் காட்சி மாறாமலிருக்கச் சட்டை பட்டனை நோட்டில் குறித்தவர்கள் இதைக் குறிக்கவில்லை. நெருக்கமான ஷாட்டாக வைத்துச் சமாளித்தோம். இரண்டு இடத்தில் சமாளிக்க முடியவில்லை, கண்ணுள்ளவர் கண்டுபிடிப்பார். 18 நாளில் எடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. மழை மட்டும் பிற்பகலில் இடி இடித்துக்கொண்டு இரண்டு வழிக்காரரையும் சமமாக நனைக்கும்.

தியேட்டரில் எது விற்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. போஸ்டரில் தெரிந்த முகம் இருந்தால் நல்லது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த படத்துக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கையில் இருந்தால், ஒரே ஒரு கோலாலம்பூர் நடிகரை அழைப்பேன். அவருக்கான காட்சிகளை எல்லாம் வீட்டுக்குள் எழுதுவேன். மரத்தடிப் பக்கமே விடமாட்டேன்.