வாழைத் தோட்டத்துச் சொட்டுநீருக்கு இரண்டு இஞ்ச் ஃப்ளோ சென்சார்: வாங்கலாமா?

குழாயில் ஓடும் தண்ணீரை அளந்து கசிவையும் அடைப்பையும் காட்டிக்கொடுப்பது இந்தச் சென்சாரின் வேலை. ஏக்கர் கணக்கில் சொட்டுநீர் போட்டிருப்பவர் வாங்கலாம். கூடவே ஒரு பிரஷர் கேஜும் வாங்க வேண்டும். கேஜ் இல்லாமல் சென்சாரை மட்டும் மாட்டினால், அது காட்டும் எண்ணை நம்பி நல்ல லேட்டரலை (டிரிப்பர் பொருத்திய கிளைக்குழாயை) தோண்டிப் பார்க்க நேரும்.

இங்கே பார்ப்பது ஹால் வகை, டி.என்.50 என்று விற்கும் இரண்டு இஞ்ச் சென்சார். உள்ளே காந்தம் பதித்த சின்னச் சக்கரம் இருக்கும். தண்ணீர் அதைச் சுற்றும்போது, வெளியில் இருக்கும், காந்தத்தை உணரும் ஹால் சில்லு துடிப்புகளை அனுப்பும். சிவப்பு ஒயருக்கு 5 வோல்ட், கறுப்பு ஒயர் கிரவுண்ட், மஞ்சள் ஒயரில் துடிப்பு வரும். அளக்கும் வரம்பு நிமிடத்துக்கு 10 முதல் 200 லிட்டர். எல்லாரும் முதலில் வாங்குவது அரை இஞ்ச் ஒய்.எஃப்.-எஸ்201. அதன் வரம்பு 1 முதல் 30 லிட்டர்தான், தோட்டத்துக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. களக்காடு, ஏர்வாடி பக்கம் ஏத்தன் வாழையை ஆறுக்கு ஆறு அடியில் வைத்தால் ஏக்கருக்கு 1210 வாழை வரும். வாழைக்கு, மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு என்றால் மணிக்கு 9680 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 161 லிட்டர். ஒரு ஏக்கரை ஒரே வால்வில் ஓட்டினாலும் இந்தச் சென்சாரின் வரம்புக்குள் நிற்கும். ஆனால் இரண்டு பிரிவாக்கி, பிரிவுக்கு 80 லிட்டர் என்று ஓட்டுவது எல்லா வகையிலும் மேல். பிரிவு சிறிதானால் ஒரே ஓட்டை கூடுதல் சதவீதமாகத் தெரியும், தேடும் இடமும் பாதியாகும்.

இந்த வகைச் சென்சார்களில் பிழை 10 சதவீதம் வரை இருக்கும். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. கசிவும் அடைப்பும் கண்டுபிடிக்க உண்மையான லிட்டர் தேவையில்லை. நேற்றுக் காட்டியதையே இன்றும் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி, அதில் இது நன்றாகவே நிற்கிறது. முதல் நாளே எல்லா லேட்டரலையும் கழுவிவிட்டு, எண்ட் கேப் மூடி, மோட்டார் ஓடி அழுத்தம் நிலைத்த பின் பிரிவு வாரியாக ஓட்டத்தையும் அழுத்தத்தையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு வருவதையெல்லாம் இந்த அடிப்படை எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேஜ் இருக்க வேண்டிய இடம் பிரிவு வால்வுக்குப் பின், லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்-மெயின் குழாயின் தொடக்கத்தில். ஓட்டம் கூடி அழுத்தம் குறைந்தால் வால்வுக்கு அப்பால் குழாய் உடைந்திருக்கிறது, அல்லது லேட்டரல், அதைச் சப்-மெயினில் பிடித்திருக்கும் கிரோமெட் என்ற ரப்பர் வளையத்திலிருந்து கழன்றிருக்கிறது. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கிளறிய இரவுக்கு மறுநாள் இப்படித்தான் காட்டும். ஓட்டம் குறைந்து அழுத்தம் கூடினால் டிரிப்பர்கள் அடைபடுகின்றன. இரண்டும் சேர்ந்து குறைந்தால் கோளாறு தோட்டத்தில் இல்லை, மோட்டார் பக்கம்: ஃபில்டர் அழுக்கு, கிணற்று மட்டம், ஃபுட் வால்வு, அல்லது குறைந்த வோல்டேஜ். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் அரை கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ) தொட்டால் முதலில் அதைக் கழுவ வேண்டும்.

பலர் ஏமாறுவது மூன்றாவது நிலையில். சாதாரண டிரிப்பரில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். அழுத்தம் 1 கிலோவிலிருந்து 0.8 கிலோவுக்கு இறங்கினால், ஒரு டிரிப்பர்கூட அடைபடாமலே ஓட்டம் 10 சதவீதத்துக்கு மேல் குறையும். அடிப்படை 1 கிலோவில் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்று 0.8 கிலோவில் 143 லிட்டர் வந்தால், 143-ஐ 0.894-ஆல் வகுக்க மறுபடி 160 வருகிறது. தோட்டம் சுத்தமாக இருக்கிறது. அதே 143 லிட்டர் 1 கிலோவில் வந்தால் பத்தில் ஒரு பங்கு அடைபட்டிருக்கிறது. அழுத்தம் ஈடுசெய்யும் டிரிப்பர் போட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். அவற்றின் அழுத்த வரம்புக்குள் ஓட்டம் ஏறக்குறைய மாறாது, குறைந்தால் நேராக அடைப்புதான்.

இதனால் முடியாதவையும் உண்டு. எலியோ அணிலோ கடித்த 2 மில்லிமீட்டர் ஓட்டையில் 1 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவு போகும். 161 லிட்டரில் அது ஒரு சதவீதம், சென்சார் கண்ணுக்குப் படாது. ஒற்றை டிரிப்பர் அடைப்பும் அப்படியே. இன்னொன்று, கொஞ்சம் அடைப்பும் கொஞ்சம் கசிவும் சேர்ந்தே இருந்தால் மொத்த ஓட்டம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். ஆகவே வரப்பில் நடந்து பார்ப்பதை விடக்கூடாது. சென்சார் எந்தப் பிரிவு என்று சொல்லும், எந்த வாழை என்று சொல்லாது.

மாட்டும் முறையில்தான் பாதி வெற்றி. ஃபில்டருக்குப் பின், பிரிவு வால்வுகளுக்கு முன் மாட்ட வேண்டும். சென்சாருக்கு முன் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும், பின் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் விட வேண்டும். இரண்டு இஞ்சுக்கு முன்னால் அரை மீட்டர், பின்னால் கால் மீட்டர். எல்போவை ஒட்டி மாட்டினால் தண்ணீர் சுழன்று வந்து எண் தள்ளாடும். உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்கட்டும். 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் எஃப்.டி.ஏ. (உள்மரை உள்ள இணைப்பு) ஒட்டி, டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கிய பின் அரைச் சுற்று போதும். பைப் ரெஞ்ச் போட்டு நெரித்தால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும், கசிவு பார்க்க வந்த பொருளே கசியும். இரு பக்கமும் யூனியன், இரண்டு பால் வால்வு, ஒரு பைபாஸ் அவசியம். சக்கரம் சிக்கினால் பாசனத்தை நிறுத்தாமல் கழற்றலாம்.

துடிப்புகளை எண்ண ஈ.எஸ்.பி.32 என்ற சின்ன மின்னணுப் பலகையோடு இணைப்பவர்கள் கவனிக்க: அதன் உள்ளீடு 3.3 வோல்ட், சென்சார் துடிப்பு 5 வோல்ட். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் மின்தடை இரண்டையும் போட்டு இறக்கிவிட வேண்டும். சென்சார் ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுத்தால் ஸ்டார்ட்டர் விழும்போதெல்லாம் பொய்த் துடிப்பு வரும். தனிப் பாதை, ஷீல்டு கேபிள், பலகை முனையில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், இவை போதும். ஒயர் வெளிவரும் இடத்தை சிலிகான் வைத்து அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் எறும்பும் உள்ளே போகும். மோட்டார் போட்ட முதல் பத்து நிமிட எண்ணை விட்டுவிட வேண்டும். குழாயில் காற்று வெளியேறும்வரை சக்கரம் கண்டபடி சுற்றும்.

அளவு சரிபார்க்க 200 லிட்டர் பீப்பாய் வேண்டும். நிமிடத்துக்கு 161 லிட்டரில் அது 75 நொடியில் நிரம்பும். மூன்று முறை நிரப்பி, மொத்தத் துடிப்பை 600-ஆல் வகுத்தால் உங்கள் சென்சாரின் எண், அதாவது லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்பது கிடைக்கும். பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட இதுவே நம்பத்தக்கது.

தண்ணீருக்குத் தகுந்தபடி ஆயுளும் மாறும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் பாசியும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் வண்டலும் வரும். மணல் ஃபில்டரும் டிஸ்க் ஃபில்டரும் இருந்தால் பிரச்சினை இல்லை. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தில் சுண்ணாம்பு கூடிய போர் தண்ணீரானால் சக்கரத்து அச்சில் படிவு ஏறி, ஓட்டம் மெல்ல மெல்லக் குறைவதுபோலக் காட்டும். அது டிரிப்பர் அடைப்பு என்றே தோன்றும், ஆனால் கேஜில் அழுத்தம் கூடியிருக்காது. துருப்பிடித்த இரும்புக் குழாய் உள்ள இடத்தில் காந்தம் துருத்தூளைப் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். டிரிப்பருக்கு அமிலம் விடும் நாளில் சென்சாரை பைபாஸில் போடுவது நல்லது. அமிலத்தையும் ப்ளீச்சிங் கரைசலையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். கம்ப்ரசர் போரில் நேரடியாக மாட்டவே கூடாது. காற்றும் தண்ணீரும் கலந்து வருவதால் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. தொட்டியில் விட்டு, அங்கிருந்து பம்ப் செய்யும் குழாயில் மாட்டலாம்.

கூடுதல் செலவு செய்ய முடிந்தால் மின்காந்த மீட்டர் இருக்கிறது. உள்ளே சுற்றும் பாகமே இல்லை, மணலுக்கு அஞ்சாது, ஆனால் குழாய் எப்போதும் நிரம்பி ஓட வேண்டும். குழாய்க்கு வெளியே கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் பல தோட்டங்களை ஒரே கருவியால் சோதிப்பவருக்கு ஏற்றது. ஒரு தோட்டத்துக்காக வாங்கும் பொருள் அல்ல.

வீட்டு மாடித் தொட்டிக்கு ஹால் சென்சாரைப் பரிந்துரைக்க முடியாது. கக்கூஸ் ஃபிளஷ் தொட்டி நிமிடத்துக்கு 200 மில்லி கசிந்தால் நாளைக்கு 288 லிட்டர் வீண். அரை இஞ்ச் சென்சார்கூட நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கீழே நம்பும்படி அளக்காது, சக்கரம் அசையாமல் நிற்கும். அங்கே இரவில் எல்லாக் குழாயையும் மூடி, தொட்டி மட்டத்தைக் குறித்துவிட்டு, விடிந்ததும் மறுபடி பார்த்தால் போதும்.