ரோமில் கடைசி நாள்: போர்கேசேயா, கரவாஜ்ஜோ தேவாலயங்களா?

மாலை விமானம், கையில் ஏழெட்டு மணி நேரம். வத்திக்கான் அருங்காட்சியகத்தை அன்று தொடவே வேண்டாம். அந்த வரிசையும் நடையும் வேறு எதற்கும் நேரம் வைக்காது. மிச்சமிருப்பவை இரண்டு: போர்கேசே கலைக்கூடம், அல்லது ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் எந்த இடத்துக்காக வரையப்பட்டனவோ அங்கேயே இன்றும் இருக்கும் மூன்று தேவாலயங்கள். என் ஓட்டு தேவாலயங்களுக்கே.

போர்கேசே குறைந்ததல்ல. கரவாஜ்ஜோ ஓவியங்கள் ஆறு அங்கே உண்டு. சிற்பி பெர்னினியின் ‘அப்போலோ, தாஃப்னி’ சிலையில், துரத்தும் அப்போலோவிடமிருந்து தப்ப மரமாகிறாள் தாஃப்னி. அதைச் சுற்றி வந்தால், பின்னாலிருந்து ஓட்டம் மட்டுமே தெரியும். முன்னே வர வரத்தான் அவள் விரல்கள் இலையாவது கண்ணில் படும். ஆனால் முன்பதிவு கட்டாயம், 2 மணி நேரம் முடிந்தால் வெளியேற வேண்டும், பைகளை ஒப்படைத்துவிட்டே உள்ளே போக முடியும். பக்கத்தில் மெட்ரோவும் இல்லை.

கடைசி நாளில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கடிகாரம்தான். அறையைக் காலி செய்து, பெட்டிகளைத் தெர்மினி ரயில் நிலையத்தில் போட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் அரை மணி நழுவுவது சாதாரணம். போர்கேசேயில் அந்த அரை மணி உங்கள் 2 மணி நேரத்திலிருந்தே போகும். இன்னும் தாமதமானால் டிக்கெட்டே போச்சு. தேவாலயத்துக்கு டிக்கெட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. தாமதமானால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

அங்கேயும் ஒரு பொறி உண்டு: நண்பகலில் பல தேவாலயங்களின் கதவை இரண்டு, மூன்று மணி நேரம் சாத்திவிடுவார்கள். அதனால் வரிசை முக்கியம். காலையில் முதலில் சான்ட் அகொஸ்தீனோ. நுழைந்ததும் இடப்பக்க முதல் சிற்றாலயத்தில் (தேவாலயத்துக்குள்ளேயே இருக்கும் சிறு வழிபாட்டு இடம்) கரவாஜ்ஜோவின் ‘லொரேத்தோ மாதா’: மண்டியிட்ட யாத்திரிகரின் அழுக்குப் பாதங்கள் பார்ப்பவர் முகத்துக்கு நேரே நிற்கும். நடுக்கூடத் தூண் ஒன்றில் ஓவியர் ரஃபேல் 1512-இல் தீட்டிய இறைவாக்கினர் எசாயா இருக்கிறார். பலர் நிமிர்ந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் லுயீஜி தே ஃப்ரான்சேசி. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று. ‘மத்தேயுவின் அழைப்பு’ இடச்சுவரில் இருக்கிறது. அதற்குள் வெளிச்சம் வலமிருந்து விழுகிறது. பீடத்துக்கு மேலுள்ள நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான். எதிர்ச்சுவர் ஓவியத்தில் வெளிச்சம் இடமிருந்து வரும். அருங்காட்சியகச் சுவரில் மாட்டினால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். தேவாலயங்களுக்கு என் ஓட்டு விழ இதுவும் ஒரு காரணம்.

கதவுகள் சாத்தும் நேரத்தில், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோன் திறந்திருக்கும். ரஃபேலின் கல்லறை அங்கே. இதற்கு மட்டும் கட்டணம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வடக்கே நடந்து சாந்தா மரியா தெல் போப்பொலோ. பெரிய பீடத்துக்கு இடப்பக்கச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ தீட்டியவை இரண்டு: இடச்சுவரில் பேதுரு, வலச்சுவரில் பவுல். நடுவில் இருப்பது அன்னிபலே கராச்சியின் ஓவியம். பக்கச்சுவர் ஓவியங்களை நேர் எதிரே நின்று பார்க்க வழியில்லை. கிராதியருகே நடுவில் நின்று இருபக்கமும் தலையைத் திருப்புங்கள். அந்தச் சாய்ந்த பார்வையில்தான் உருவங்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

1 யூரோ, 50 சென்ட் நாணயங்களைக் கையில் வைத்திருங்கள். சில சிற்றாலயங்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், அதுவும் கொஞ்ச நேரமே. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த நடை ஒத்துவருமா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

ஞாயிறு என்றால் நானே போர்கேசேயைத்தான் சொல்வேன்: காலையில் திருப்பலி நடக்கும்போது உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது. திங்களன்று போர்கேசேக்கு விடுமுறை.

போப்பொலோவில் முடிப்பதில் இன்னொரு லாபம், வாசலருகே ஃப்ளாமீனியோ மெட்ரோ. ஏ வழித்தடத்தில் நான்காவது நிறுத்தம் தெர்மினி; அங்கிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஃப்யூமிச்சீனோ விமான நிலையம் 32 நிமிடம். நேரம் மிஞ்சினால் ஒரு நிறுத்தம் முன்பே ரெபுப்ளிகாவில் இறங்குங்கள். பெர்னினியின் புனித தெரேசா சிலை இருக்கும் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா அங்கிருந்து பக்கம்தான்.